ரிவெர்பும் மைக் தூரமும்: அடிக்கடி கேக்கப்படுற கேள்விகள்

வீட்டுலயே ரெக்கார்ட் பண்ண ஆரம்பிக்கிற எல்லாருக்கும் வர்ற சந்தேகம் கிட்டத்தட்ட ஒண்ணுதான். குரல் ஏன் ரெக்கார்டிங்ல எங்கயோ தள்ளி நின்னு பாடுற மாதிரி கேக்குது, இல்லன்னா ஏன் காஞ்சு போய் உயிரில்லாம கேக்குது, எந்த ரிவெர்ப் ப்ளகின் (ரெக்கார்டிங் சாஃப்ட்வேர்ல சேர்க்கிற குட்டி புரோகிராம்) போட்டா சரியாகும்னு. ப்ளகின் பக்கம் வர்றதுக்கு முன்னாடியே பாதி விஷயம் முடிஞ்சிடுதுங்க. மைக்கை எங்க வச்சோம், எவ்ளோ கிட்ட வச்சோம்ங்கிறதுதான் முதல் ரிவெர்ப். கீழ இருக்க பதில் எல்லாமே சுத்திச் சுத்தி அங்கதான் வந்து நிக்கும்.

ரிவெர்பும் எக்கோவும் ஒண்ணுதானே?

ரெண்டும் ஒரே குடும்பம், ஆனா காதுக்கு வேற வேற. காத்துல சத்தம் செகண்டுக்கு சுமார் 343 மீட்டர் போகும். 17 மீட்டர் தள்ளி ஒரு பெரிய சுவர் இருந்து நீங்க கை தட்டினா, போயிட்டு வர 34 மீட்டர், அதாவது கிட்டத்தட்ட 0.1 செகண்ட் ஆகும், அது தனியா ரெண்டாவது தட்டல் மாதிரி காதுல விழும், அது எக்கோ. ஒரு ரூமுக்குள்ள தட்டினா சுவர், தரை, சீலிங்னு எல்லாத்துலயும் பட்டு, பட்டது மறுபடி வேற சுவர்ல பட்டு, ஆயிரக்கணக்கான எதிரொலி ஒண்ணுமேல ஒண்ணு ஏறி வருது, தனித்தனியா எண்ணவே முடியாது, ஒரே வால் மாதிரி நீண்டு அடங்கும். அதுதான் ரிவெர்ப்.

இந்த வாலுக்கு முன்னாடி ஒரு சின்ன பகுதி இருக்கு, அதைத்தான் நிறைய பேர் கவனிக்கிறதில்லை. நேரா மைக்குக்கு வர்ற சத்தம் முதல்ல, அப்புறம் பக்கத்து சுவர், தரைல ஒரே ஒரு தடவை பட்டு வர்ற சில எதிரொலி, அதுக்கப்புறம்தான் வால். ரூம் சின்னதா பெரிசா, பாடுறவர் சுவர் பக்கத்துல நிக்கிறாரா நடுவுல நிக்கிறாரான்னு மூளைக்கு சொல்றதுல அந்த ஆரம்ப எதிரொலிக்குப் பெரிய பங்கு இருக்கு. வீட்டு ரெக்கார்டிங் கெட்டுப் போறதும் பெரும்பாலும் அங்கதான், வால்னால இல்ல.

ஆர்டி60 ஆர்டி60ங்கிறாங்களே, அது என்ன?

சத்தத்தை நிறுத்தின நிமிஷத்துல இருந்து அது 60 டெசிபல் குறையறதுக்கு ஆகுற நேரம். இதுக்குப் பின்னாடி ஒரு அழகான வேலை இருக்கு. 1895 வாக்குல ஹார்வர்டுல வாலஸ் சபைன்னு ஒரு இளம் இயற்பியல் ஆசிரியர்கிட்ட, ஃபாக் மியூசியத்தோட லெக்சர் ஹால்ல பேசுறது எதுவுமே புரியல, சரி பண்ணுங்கன்னு விட்டாங்க. அந்த ஹால்ல சத்தம் அடங்க 5.5 செகண்ட் ஆச்சு, ஒரு வார்த்தை அடங்குறதுக்குள்ள பத்து வார்த்தை மேல ஏறிடும். அவர் ராத்திரில, ஊர் அடங்கின பிறகு, பக்கத்து தியேட்டர்ல இருந்து இருக்கை மெத்தைகளைக் கொண்டு வந்து அடுக்கி, ஒரு ஆர்கன் குழாயை ஊதி நிறுத்தி, காதாலயே கேட்டு நேரம் குறிச்சார். மெத்தை கூட கூட நேரம் எப்படி குறையுதுன்னு பார்த்துப் பார்த்து கண்டுபிடிச்ச ஃபார்முலாதான் இன்னைக்கும் ஓடுது: ரூமோட கன அளவை 0.161 ஆல பெருக்கி, ரூம்ல இருக்க மொத்த உறிஞ்சும் பரப்பால வகுத்தா செகண்ட் கணக்கு வந்துடும்.

4 மீட்டருக்கு 3 மீட்டர், உயரம் 3 மீட்டர்னு ஒரு ரூம் எடுத்துக்கங்க, 36 கன மீட்டர். கட்டில், துணி, திரைச்சீலை எல்லாம் சேர்ந்து 12 சதுர மீட்டர் அளவுக்கு உறிஞ்சுதுன்னா கிட்டத்தட்ட அரை செகண்ட். அதே ரூமை காலி பண்ணிப் பாருங்க, எகிறிடும். சபைன் யோசனை சொல்லிக் கட்டி 1900ல திறந்த பாஸ்டன் சிம்ஃபனி ஹால்ல ஆள் நிறைஞ்சிருக்கும்போது 1.9 செகண்ட் வாக்குல இருக்கும், ஆர்கெஸ்ட்ராவுக்கு அது சொர்க்கம். அதே 1.9 செகண்ட்ல வேகமான ராப் ஒண்ணை ரெக்கார்ட் பண்ணா ஒரு எழுத்து புரியாது. நல்ல ரிவெர்ப்னு தனியா ஒண்ணு இல்ல, அந்தப் பாட்டுக்கு நல்லதுன்னுதான் உண்டு.

என் ரூம்ல பாடினா டப்பாக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கு, ஏன்?

சின்ன ரூம், சுவர் எல்லாம் கிட்ட, அதான். சுவர்ல பட்டு வர்ற சத்தம் நேர் சத்தத்தை விட 1 மில்லி செகண்ட் லேட்டா வந்துச்சுன்னு வைங்க, அதாவது வெறும் 34 சென்டிமீட்டர் அதிகமா பயணம் பண்ணிருக்கு, ரெண்டும் மைக்ல சேரும்போது 500 ஹெர்ட்ஸ்ல ஒண்ணை ஒண்ணு அடிச்சிக்கும், 1000ல கூடும், 1500ல மறுபடி அடிச்சிக்கும். சீப்புப் பல்லு மாதிரி மேலும் கீழுமா ஆகிடும். இதை இ.கியூ (சில ஸ்தாயியை மட்டும் ஏத்தி இறக்குற கருவி) வச்சு சரி பண்ண முடியாது, நான் மாசக்கணக்குல முயற்சி பண்ணிருக்கேன், ஒரு இடத்துல தூக்கினா இன்னொரு இடத்துல அசிங்கமாகும், ஏன்னா பாடுறவர் தலையை அசைக்க அசைக்க பள்ளமும் நகரும்.

பண்ண வேண்டியது ரூம்லதான். முட்டை அட்டை, மெல்லிசு ஃபோம் இதெல்லாம் ஒட்டி நேரத்தை வீணாக்காதீங்க, அது மேல் ஸ்தாயி சத்தத்தை மட்டும் கொஞ்சம் தின்னுட்டு கீழ இருக்க பூம்பூம் சத்தத்தை அப்படியே விட்டுடும், ரூம் முன்னைவிட மந்தமா கேக்கும். கனமான மெத்தை, ரெண்டு மூணு மடிப்பு கம்பளி, துணி தொங்குற அலமாரி, புத்தகம் கன்னாபின்னான்னு அடுக்கின ஷெல்ஃப், இதெல்லாம் உண்மையிலேயே வேலை செய்யும். ஒரே ஒரு மெத்தைதான் இருக்குன்னா அதை மைக்குக்குப் பின்னாடி வைக்கிறதை விட பாடுறவரோட முதுகுக்குப் பின்னாடி வைங்க, ஏன்னா மைக்கோட முகம் பார்க்கிறது அந்த சுவரைத்தான். அப்புறம் ரூமோட நட்ட நடுவுலயும் நிக்காதீங்க, மூலைலயும் நிக்காதீங்க. 4 மீட்டர் நீள ரூம்ல 43 ஹெர்ட்ஸ் கிட்டயும் அதோட மடங்குகள்லயும் சத்தம் அங்கங்க தேங்கி நிக்கும், மூலைல அது மொத்தமா வந்து குவியும்.

சரி, மைக்கை எவ்ளோ தூரத்துல வைக்கிறது?

குரலுக்கு ஒரு சாண்ல ஆரம்பிங்க, அதாவது 20 சென்டிமீட்டர் வாக்குல. ஆனா நம்பரை மட்டும் எடுத்துட்டுப் போகாதீங்க, ஏன்னு புரிஞ்சிட்டா எந்த ரூம்லயும் நீங்களே முடிவு பண்ணிடலாம்.

தூரம் ரெட்டிப்பாகுற ஒவ்வொரு தடவையும் நேர் சத்தம் 6 டெசிபல் குறையும். ஆனா ரூம்ல சுத்திட்டு இருக்க ரிவெர்ப் இருக்கே, அது ரூம் பூரா ஏறக்குறைய ஒரே அளவுதான், மைக்கை நகர்த்தினா அது பெரிசா மாறாது. இப்ப 15 சென்டிமீட்டர்ல இருந்த மைக்கை 60க்கு நகர்த்துறீங்க, ரெண்டு தடவை ரெட்டிப்பு, குரல் 12 டெசிபல் போச்சு. சத்தம் கம்மியா இருக்கேன்னு கெய்னை, அதாவது மைக் சத்தத்தைக் கூட்டுற நாபை, 12 டெசிபல் ஏத்துறீங்க, குரல் பழைய இடத்துக்கு வந்துடுச்சு, ஆனா கூடவே ரூமும் 12 டெசிபல் ஏறிடுச்சு. நீங்க எந்த ரிவெர்ப் நாபையும் தொடல, ஆனா தொட்டுட்டீங்க. அதனாலதான் சொல்றேன், மைக் ஸ்டாண்டை நகர்த்துறதே ரிவெர்ப் நாபைத் திருப்புறதுதான், அதுவும் பிறகு பின்னாடி திருப்ப முடியாத நாப்.

நேர் சத்தமும் ரூம் சத்தமும் சரிக்கு சமமா ஆகுற தூரம்னு ஒண்ணு இருக்கு, கிரிட்டிக்கல் டிஸ்டன்ஸ்னு சொல்வாங்க. மேல சொன்ன அந்த 36 கன மீட்டர், அரை செகண்ட் ரூமுக்கு அது அரை மீட்டருக்கும் கொஞ்சம் கம்மி, எல்லாப் பக்கமும் கேக்குற மைக் வச்சா. அவ்ளோ கிட்டங்க! வீட்டு ரூம்ல ஒரு முழம் தள்ளி வச்சாலே பாதி ரூமைத்தான் ரெக்கார்ட் பண்றீங்க. பெரிய ஹால்ல அந்த தூரம் சில மீட்டர் வரும், அதனால அங்க மைக்கைத் தள்ளி வச்சு ஹாலையும் சேர்த்து எடுக்கிறாங்க, அவங்களுக்கு அந்த ரூம் ஒரு வாத்தியம் மாதிரி. நம்ம படுக்கையறை வாத்தியம் இல்ல, அதனால கிட்ட போறோம்.

அப்ப உதட்டுல ஒட்டி வச்சிடலாமே?

வச்சா வேற தொல்லை வரும். 5 சென்டிமீட்டர்ல பாடுறவர் இன்னொரு 5 சென்டிமீட்டர் தலையை பின்னாடி எடுத்தா 6 டெசிபல் போயிடும், அதே 5 சென்டிமீட்டர் அசைவு 30ல நடந்தா 1.3 டெசிபல்தான். உருக்கமா பாடுறவங்க அசையாம நிக்க மாட்டாங்க, நிக்க வைக்கவும் கூடாது. அதோட ஒரு பக்கம் பார்க்குற மைக் எதுவா இருந்தாலும் கிட்ட போகப் போக பேஸ், அதாவது கீழ் ஸ்தாயி, வீங்கும், ப்ராக்சிமிட்டி எஃபெக்ட்னு பேரு. மெல்லிசா கிசுகிசுன்னு பாடுறதுக்கு அது கனமும் நெருக்கமும் குடுக்கும், ரொம்ப பிடிச்ச சத்தம் எனக்கு, ஆனா வாய்ஸ் ஏற்கனவே கனமா இருக்கவங்களுக்கு சேறு மாதிரி ஆகிடும். எல்லாப் பக்கமும் கேக்குற ஆம்னி மைக்ல இந்த வீக்கம் கிடையாது.

ப, பா சத்தம் டப்பு டப்புன்னு விழுதே?

பாப் ஃபில்டர், அதாவது வாய்க்காத்தைத் தடுக்குற வலை, போடுங்க, மைக்ல இருந்து நாலு விரல் தள்ளி. மைக்கை வாய்க்கு நேரா வைக்காம மூக்கு உயரத்துல வச்சு கொஞ்சம் கீழ பார்த்த மாதிரி சாய்ச்சிட்டா காத்து அடியிலயே போயிடும், ஸ் ஸ்னு குத்துறதும் குறையும்.

கார்டியாய்ட், ஆம்னி, ஃபிகர் எய்ட், எதை எடுக்கிறது?

ஆம்னி எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி கேக்கும். கார்டியாய்ட் முன்னாடி நல்லா, பக்கத்துல கொஞ்சமா, பின்னாடி கிட்டத்தட்ட இல்ல. ஃபிகர் எய்ட் முன்னாடியும் பின்னாடியும் சமமா, ரெண்டு பக்கவாட்டுலயும் செவிடு. ரூம் சத்தம் எல்லாத் திசைல இருந்தும் வர்றதால கார்டியாய்ட் அதுல மூணுல ஒரு பங்கு சக்தியைத்தான் எடுக்கும், அதனால ஆம்னியை விட 1.7 மடங்கு தூரத்துல வச்சாலும் அதே அளவு ரூம்தான் விழும். ஃபிகர் எய்டும் அதே 1.7தான், இதைச் சொன்னா நிறைய பேர் நம்ப மாட்டாங்க.

பாடிக்கிட்டே கிட்டார் வாசிக்கிறவரை ரெக்கார்ட் பண்ண ஃபிகர் எய்டை விட்டா ஆளில்ல. குரல் மைக்கோட செவிட்டுப் பக்கம் கிட்டாரைப் பார்க்கணும், கிட்டார் மைக்கோட செவிட்டுப் பக்கம் வாயைப் பார்க்கணும், அப்படி சாய்ச்சு வச்சீங்கன்னா ரெண்டும் ஆச்சரியப்படுற அளவுக்கு தனித்தனியா வரும், அப்புறம் குரலுக்கு மட்டும் ரிவெர்ப் போடலாம்.

கன்டென்சர் மைக் ரூமை இழுக்கும், டைனமிக் இழுக்காதுன்னு சொல்றாங்களே?

இதுல பாதிதான் உண்மை. ஒரே பேட்டர்ன் (மைக் எந்தப் பக்கம் கேக்குதுங்கிறது), ஒரே தூரம், லெவலும் சமம்னா குரலுக்கும் ரூமுக்கும் உள்ள விகிதம் ஏறக்குறைய அதேதான். டைனமிக்கை ஆளுங்க வாய்கிட்ட வச்சிக்கிறாங்க, கன்டென்சரை தள்ளி வைக்கிறாங்க, வித்தியாசம் பெரும்பாலும் அங்க வருது. டைனமிக்குக்கு மேல் ஸ்தாயி கொஞ்சம் மங்கலா இருக்கறதால ரூமோட கரகரப்பும் மங்கலா தெரியும், அது ஒரு உதவி. வேற மைக் வாங்கறதுக்கு முன்னாடி இருக்கறதையே ஒரு சாண் கிட்ட வச்சுப் பாருங்க.

கிட்டார், வயலின், புல்லாங்குழலுக்கு எங்க வைக்கிறது?

அக்கூஸ்டிக் கிட்டார்ல ஓட்டைக்கு நேரா வைக்காதீங்க, அங்க வெறும் பூம்தான். 12வது ஃபிரெட் பக்கம் பார்த்த மாதிரி 25, 30 சென்டிமீட்டர். வயலினுக்கு கிட்ட போனா வில்லு உரசுறதுதான் பெரிசா கேக்கும், அந்த வாத்தியம் முழு உடம்பால பேசுது, அது ஒண்ணு சேர தூரம் வேணும், மேல இருந்து 60 சென்டிமீட்டர், ரூம் நல்லா இருந்தா இன்னும் தள்ளி. புல்லாங்குழல்ல சத்தம் ஊதுற துளைல இருந்தும் திறந்திருக்க விரல் துளைகள்ல இருந்தும் வருது, முனைல மைக் வச்சு பிரயோஜனம் இல்ல, ஊதுற காத்து நேரா மைக்ல அடிக்காத மாதிரி மேல இருந்து பாருங்க.

ரெண்டு பக்கமும் தோல் இருக்க வாத்தியத்துக்கு ரெண்டு மைக் வச்சா, ஒண்ணோட போலாரிட்டியை, அதாவது அலையைத் தலைகீழா, திருப்பிப் போட்டு கேட்டுப் பாருங்க, எதுல அடி கனமா இருக்கோ அதை வச்சிக்கங்க. ஒரு சொடுக்குல போன பேஸ் திரும்பி வரும்.

ரெண்டு பேரை ஒரே ரூம்ல எடுக்கிறப்ப ஒருத்தர் சத்தம் இன்னொருத்தர் மைக்ல விழுதே?

3:1னு ஒரு பழைய கணக்கு. உங்க மைக் உங்ககிட்ட இருந்து 30 சென்டிமீட்டர்னா அடுத்த மைக் குறைஞ்சது 90 சென்டிமீட்டர் தள்ளி இருக்கணும். அப்படி வச்சா சிந்துற சத்தம் சுமார் 9.5 டெசிபல் கீழ போயிடும், அந்த சீப்புப் பள்ளம் பெரிசா காதுல படாது.

ஸ்டீரியோவா எடுக்க எந்த முறை?

எக்ஸ்-ஒய்னா ரெண்டு கார்டியாய்ட், தலையும் தலையும் ஒட்டி, 90 டிகிரி. ரொம்ப பத்திரமான முறை, ரெண்டையும் ஒண்ணாக்கி மோனோல போட்டாலும் ஒண்ணும் ஆகாது, ஆனா அகலம் கம்மி. பிரெஞ்சு ரேடியோக்காரங்க கொண்டு வந்த ஓ.ஆர்.டி.எஃப்ல 17 சென்டிமீட்டர் இடைவெளி, 110 டிகிரி. அந்த 17 ரெண்டு காதுக்கு நடுவுல இருக்க தூரத்தை ஒட்டி வருது, அதான் ஹெட்போன்ல கேக்கும்போது நாமளே அந்த ரூம்ல உக்காந்திருக்க மாதிரி இருக்கும். ஒரு கோஷ்டியை நல்ல ரூம்ல எடுக்கணும்னா என் முதல் சாய்ஸ் இதுதான். ரெண்டு ஃபிகர் எய்டை 90 டிகிரில குறுக்க வைக்கிறது ஆலன் ப்ளூம்லைன் முறை, ஸ்டீரியோவைப் பத்தி அவர் 1931லயே பேட்டன்ட் போட்டுட்டார், பின்னாடி பக்கம் முழு ரூமும் விழும்ங்கிறதால ரூம் அழகா இருந்தா மட்டும் தொடுங்க. டெக்கா ட்ரீங்கிறது மூணு ஆம்னி, ஆர்கெஸ்ட்ராவுக்கானது, வீட்டுக்கு வேண்டாம்.

ப்ளகின் வர்றதுக்கு முன்னாடி ரிவெர்பை எப்படி போட்டாங்க?

நிஜ ரூம்லதான். 1947ல சிகாகோல பில் புட்னம், ஹார்மோனிகேட்ஸ்ங்கிற குழுவை ரெக்கார்ட் பண்ணும்போது ஸ்டுடியோவோட பாத்ரூம்ல ஒரு ஸ்பீக்கரும் மைக்கும் வச்சு, பாட்டை அங்க அனுப்பி, டைல்ஸ்ல பட்டு வர்றதை மறுபடி கலந்தார். அந்த யோசனைதான் எக்கோ சேம்பரா ஸ்டுடியோ ஸ்டுடியோவா பரவுச்சு. 1957ல ஜெர்மன் கம்பெனி இ.எம்.டி, 140ங்கிற மாடலை விட்டாங்க, ஒரு மீட்டருக்கு ரெண்டு மீட்டர் மெல்லிய இரும்புத் தகடு, ஃபிரேம்ல இழுத்துக் கட்டி, ஒரு பக்கம் ஆட்டி இன்னொரு பக்கம் பிடிக்கிறது, மொத்தம் 270 கிலோ வாக்குல. ரூம் இல்லாம ரிவெர்ப்! உங்க ப்ளகின்ல பிளேட்னு ஒரு பிரீசெட் இருக்கே, அது இந்தத் தகட்டோட நிழல். ஸ்பிரிங்னு இருக்கறது முதல்ல ஹேமண்ட் ஆர்கன்ல வந்து அப்புறம் கிட்டார் ஆம்ப்ல குடியேறினது. 1976ல இ.எம்.டி 250 டிஜிட்டலா வந்துச்சு, 1978ல லெக்சிகன் 224. கன்வல்யூஷன்ங்கிறது நிஜ ஹாலோட பதிலையே அளந்து எடுத்து நம்ம குரல்மேல போடுறது.

1980ல பீட்டர் கேப்ரியல் ஆல்பத்துல டிரம்ஸ் ரிவெர்பை பெரிசா வீங்க விட்டு கத்தி வச்ச மாதிரி வெட்டினாங்களே, அது ப்ளகின் இல்ல. வாசிக்கிறவர் பேசுறதைக் கேக்கறதுக்காக மேல தொங்கிட்டிருந்த டாக்பேக் மைக், பயங்கரமா கம்ப்ரஸ் ஆகி, அதாவது சின்ன சத்தமும் பெரிசாகி, ரூமை உள்ள இழுத்துச்சு, அதை கேட் (சத்தம் குறைஞ்சதும் மூடுற கருவி) வச்சு அறுத்தாங்க. மறுபடி பாருங்க, தூரத்துல இருந்த ஒரு மைக்.

ரிவெர்ப் ப்ளகின்ல எந்த நாப் முக்கியம்?

என்னைக் கேட்டா ப்ரீ-டிலே. ரிவெர்ப் எத்தனை மில்லி செகண்ட் கழிச்சு ஆரம்பிக்கணும்ங்கிறது அது. 0ல வச்சா வால் எழுத்துமேலயே ஏறி உக்காந்து குரலைப் பின்னாடி தள்ளிடும், 20ல இருந்து 50 வரைக்கும் விட்டா எழுத்து முதல்ல தெளிவா விழும், அப்புறம் ரூம் வரும், அதனால நிறைய ரிவெர்ப் இருந்தும் குரல் முன்னாடியே நிக்கும். பாட்டோட வேகத்துக்கு பொருத்தணும்னா 60,000த்தை பி.பி.எம்மால, அதாவது நிமிஷத்துக்கு எத்தனை அடிங்கிறதால, வகுங்க, 80 பி.பி.எம்னா ஒரு அடிக்கு 750 மில்லி செகண்ட், அதுல 16ல ஒரு பங்கு 47.

அடுத்தது டீகே, அதாவது வாலோட நீளம், வரிக்கும் வரிக்கும் நடுவுல வால் அடங்கிடற மாதிரி. மூணாவது, ரிவெர்புக்குப் போற சத்தத்துல 600 ஹெர்ட்ஸுக்குக் கீழயும் 10,000 ஹெர்ட்ஸுக்கு மேலயும் வெட்டிடுங்க, அபே ரோடு டிரிக்னு சொல்லுவாங்க, சேறும் ஸ்ஸ்ஸும் ஒரே நேரத்துல போகும். மத்த நாபெல்லாம் பிரீசெட்ல இருக்கபடியே விடுங்க. ஒவ்வொரு டிராக்லயும் தனித்தனி ரிவெர்ப் இன்சர்ட் பண்ணாதீங்க, ஒரே ரிவெர்பை ஒரு பஸ்ல (பல டிராக் வந்து சேர்ற பொதுப் பாதை) போட்டு எல்லாத்தையும் சென்ட் (அந்தப் பாதைக்கு ஒரு நகலை அனுப்புற நாப்) வழியா அனுப்புங்க, அப்பதான் எல்லாரும் ஒரே ரூம்ல இருக்க மாதிரி வரும்.

எவ்ளோ போடுறது?

முழுப் பாட்டும் ஓடும்போது, ரிவெர்ப் தனியா காதுல பட ஆரம்பிக்கிற இடம் வரைக்கும் ஏத்துங்க, அங்க இருந்து 2, 3 டெசிபல் இறக்குங்க. அப்புறம் மியூட் பண்ணுங்க. ஏதோ காணாம போன மாதிரி இருந்தா அளவு சரி. சோலோல வச்சு முடிவு பண்ணாதீங்க, தனியா கேக்கும்போது எதுவும் அழகாத்தான் இருக்கும்.

பாடுறவர் ஹெட்போன்ல ரிவெர்ப் கேக்குறார், குடுக்கலாமா?

கண்டிப்பா குடுங்க, காஞ்ச குரலைக் கேட்டுக்கிட்டே யாரும் மனசு விட்டுப் பாட முடியாது. ஆனா ரெக்கார்ட் ஆகுறது ரிவெர்ப் இல்லாம டிரையா இருக்கணும். ரொம்ப நீளமான வால் குடுத்தா சுருதி லேசா நழுவறது அவருக்குத் தெரியாம போயிடும், அதைப் பார்த்துக்கங்க.

ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணா?

ஃபோன் மைக் பொதுவா ஆம்னிதான், அதனால இன்னும் கிட்ட வைங்க.

ரெக்கார்ட் ஆனப்புறம் ரூம் சத்தத்தை எடுக்க முடியுமா?

குறைக்கலாம், எடுக்க முடியாது. டி-ரிவெர்ப் ப்ளகின் வருஷா வருஷம் நல்லாதான் ஆகிட்டு வருது, பேச்சுக்கு ஓரளவு ஒத்துக்கும், ஆனா பாட்டுல நீட்டிப் பாடுற ஸ்வரத்தோட கடைசியை வாலுன்னு நினைச்சு தின்னுடும். எனக்கு ரொம்ப வேண்டியவர் ஒருத்தர், வயசானவங்க, தொண்டை நல்லா இருந்த ஒரு நாள்ல ஒரே ஒரு டேக் பாடினாங்க, நான் மைக்கை காலி ரூம்ல ஒரு மீட்டர் தள்ளி வச்சிருந்தேன், அழகா இருக்கும்னு நினைச்சு. பாட்டு அவ்ளோ அழகு, ஆனா குரல் அந்த ரூமுக்குள்ள மாட்டிக்கிச்சு. அந்த ஃபைலை இன்னும் வச்சிருக்கேன், ஒவ்வொரு புது ப்ளகின் வரும்போதும் போட்டுப் பார்க்கிறேன், இன்னும் வெளிய வரல.

காதைப் பழக்க என்ன பண்ணலாம்?

ஒரே வரியை நாலு தடவை பாடுங்க, மைக் 10, 20, 40, 80 சென்டிமீட்டர்ல. கெய்னை மாத்தாதீங்க, அப்புறமா நாலையும் ஒரே சத்தத்துக்கு சமமாக்குங்க, இந்தப் படி ரொம்ப முக்கியம், இல்லன்னா சத்தமா இருக்கறதுதான் நல்லதுன்னு காது ஏமாந்துடும். எந்த தூரத்துல உங்க குரல் ரூமுக்குள்ள போக ஆரம்பிக்குதுன்னு குறிச்சிக்கங்க. அப்புறம் முதுகுக்குப் பின்னாடி மெத்தையை நிறுத்திட்டு அதே நாலையும் மறுபடி பண்ணுங்க, அந்த தூரம் எவ்ளோ தள்ளிப் போகுதுன்னு பாருங்க. அந்த ரெண்டாவது நம்பரை ஒரு துண்டு டேப்ல எழுதி மைக் ஸ்டாண்ட்லயே ஒட்டிடுங்க.